தளர்த்தலாம், அவிழ்க்க வேண்டாம்

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் குழுத் தலைவராக இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அறிக்கைகளைத் தாமதமாக அனுப்புவது குறித்து எழுதியபோது, அமெரிக்காவிலுள்ள எங்கள் மேலாளர் ‘கட் ஹிம் சம் ஸ்லாக், ஹி இஸ் நியூ’ என்று பதில் அனுப்பினார். அவருடைய தவறுகளைக் கண்டுகொள்ள வேண்டாம் என்கிறாரா? நானும் இத்தொடரை மேலதிகாரிகளிடம் பயன்படுத்தலாமா?
— வாசகர், கோவை

பதில்: அவரை நெருக்காதீர்கள், கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள் என்பதே உங்கள் மேலாளர் சொல்ல வந்தது. ‘கட்’ என்பதைக் கண்டு மிரள வேண்டாம். காசோலை எழுதிக் கொடுப்பதைக்கூட அமெரிக்கர்கள் ‘கட் எ செக்’ என்பார்கள். ‘ஸ்லாக்’ என்பது இறுக்கிக் கட்டாத கயிற்றின் தொய்வு. ஓதம் ஏறி இறங்கும் துறைகளில் படகைக் கட்டுகிறவர்கள் கயிற்றில் வேண்டுமென்றே தொய்வு விடுவார்கள். நீர் உயர்ந்திருக்கும்போது இறுக்கிக் கட்டிவிட்டால், அது வடிந்ததும் படகு கயிற்றில் தொங்கும், அல்லது கயிறு அறுந்துபோகும். தொய்வு விட்டாலும் படகு கட்டப்பட்டேதான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே தாமதத்தை அந்த இளைஞரிடம் நீங்கள் சுட்டிக்காட்டலாம், காட்டவும் வேண்டும். அதை உடனே மேலிடத்துப் புகாராக்குவதையும் மதிப்பீட்டில் குறையாக எழுதுவதையும்தான் மேலாளர் விரும்பவில்லை என்று நினைக்கிறேன். பொறுப்பிலிருந்தே ஒருவரை விடுவிப்பதற்கு ‘லெட் ஆஃப் த ஹுக்’ என்றும், தெரிந்தே பாராமுகமாக இருப்பதற்கு ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்றும் ஆங்கிலத்தில் வேறு தொடர்கள் உண்டு. தவறு நடந்ததா என்பதே ஐயமாக இருந்தால் ‘பெனிஃபிட் ஆஃப் த டவுட்’ என்பார்கள். நம் நீதிமன்றச் செய்திகளில் வரும் ‘சந்தேகத்தின் பலன்’ அதுதான். உங்கள் மேலாளர் இவற்றில் எதையும் எழுதவில்லை. புதியவர் என்ற காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். அந்தக் காரணம் தீரும்போது சலுகையும் தீரும். அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958இல் உருவாக்கிய ‘பெர்ட்’ என்ற திட்டமிடும் முறையிலும், முழுத் திட்டமும் பிந்தாமல் ஒரு வேலையை எவ்வளவு தள்ளிப்போடலாமோ அந்த அவகாசத்துக்கு ‘ஸ்லாக்’ என்றே பெயர். அதைக் கணக்கிட்டே தருவார்கள். இவருக்கு எத்தனை வாரம் என்று மேலாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இது பேச்சு வழக்குத் தொடர். பிறருக்காகப் பரிந்து பேசும்போது இயல்பாக ஒலிக்கும். தனக்காக ஒருவர் ‘கட் மீ சம் ஸ்லாக்’ என்றால், ‘என்னை ஏன் இப்படிப் பிடுங்கி எடுக்கிறீர்கள்?’ என்ற சலிப்பு அதில் ஏறிவிடுகிறது. நெடுநாள் பழகிய சக ஊழியர் அதைப் பொறுத்துக்கொள்வார், மேலதிகாரி முகம் சுளிப்பார். உங்களுக்கு அவகாசம் தேவைப்பட்டால், எந்த வேலைக்கு, எந்த நாள் வரை, என்ன காரணத்தால் என்று நேராக எழுதிக் கேட்பதே முறை. இதே சொல்லிலிருந்து வந்த ‘ஸ்லாக்கர்’ வேலைக்கு டிமிக்கி கொடுப்பவரைக் குறிக்கும் வசைச்சொல் என்பதால், மின்னஞ்சலில் அது தவறிக்கூட அந்த இளைஞரின் பெயருக்கு அருகில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.