பக்கத்துக் காட்டில் அடித்த மருந்து: சட்டம் யாரைப் பிடிக்கும்?

கேள்வி: பெத்தநாயக்கன்பாளையம் அருகே எங்களுக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளிக் காடு இருக்கிறது. மாவுப்பூச்சி தாக்கிய பிறகு, ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் சொன்னபடி அந்தப் பூச்சியை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளை விட்டு, ரசாயன மருந்து அடிப்பதை நிறுத்திவிட்டோம். நான்கு தேனீப் பெட்டிகளும் வைத்திருக்கிறோம். மேற்குப் பக்கத்துக் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர், ஆறு வாரங்களுக்கு முன் நல்ல காற்றடித்த ஒரு மாலையில், வாடகைக்கு ட்ரோன் வரவழைத்துத் தன் மரவள்ளிக்கு மருந்து அடித்தார். அது புகைபோல எங்கள் காட்டுக்குள் வந்தது. மறுநாள் காலையில் பெட்டி வாசல்களில் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன. பிறகு மாவுப்பூச்சி மறுபடியும் பெருகி, நுனிக்குருத்தெல்லாம் சுருண்டுவிட்டது. வரப்பில் வீசிவிட்டுப் போன பாட்டிலில் புரோபினோபாஸ், சைபர்மெத்ரின் கலந்த மருந்து என்றும், பயிர் என்ற இடத்தில் பருத்தி என்றும் போட்டிருக்கிறது. கேட்டால், "என் காட்டுக்கு நான் அடிக்கிறேன், உங்களுக்கு என்ன?" என்கிறார். வேளாண்மை அலுவலகத்தில், விவசாயி மீது நடவடிக்கை எடுக்கச் சட்டம் இல்லை என்கிறார்கள். மருந்தை விற்ற கடைக்காரர் மீது நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா? நஷ்ட ஈட்டை யாரிடம் கேட்பது?

— ஒரு வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: வேளாண்மை அலுவலகத்தில் உங்களுக்குச் சொன்னது பாதி சரி, அந்தப் பாதியை முதலில் புரிந்துகொண்டால்தான் மீதிப் பாதியை நீங்கள் பயன்படுத்த முடியும். இந்தியாவில் பூச்சிமருந்துகளைக் கட்டுப்படுத்துவது 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டமும், அதன்கீழ் வந்த 1971-ஆம் ஆண்டின் விதிகளும் ஆகும். ஒரு மருந்தைப் பதிவு செய்வது, தயாரிப்பது, இருப்பு வைப்பது, விற்பது, லேபிள் ஒட்டுவது ஆகிய அனைத்தையும் இந்தச் சட்டம் நெருக்கமாகக் கண்காணிக்கிறது. ஆனால் அதன் 38-ஆம் பிரிவு, ஒருவர் தன் வீட்டுத் தேவைக்கோ, வீட்டுத் தோட்டத்துக்கோ, தன் சாகுபடியில் உள்ள நிலத்துக்கோ பூச்சிமருந்தைப் பயன்படுத்துவதற்கு இச்சட்டம் பொருந்தாது என்று விலக்கு அளித்திருக்கிறது. "சாகுபடியில் உள்ள நிலம்" என்பதால் குத்தகைதாரருக்கும் அந்த விலக்கு கிடைக்கும். பருத்திக்கு மட்டும் அனுமதி பெற்ற மருந்தை மரவள்ளிக்கு அடித்தார் என்பதற்காக அவர் மீது இச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுப்பது கடினம் என்று அலுவலர் சொன்னதில் பிழையில்லை. கடையின் கல்லாவரை பாட்டிலைத் துரத்தும் சட்டம் காட்டு வரப்பில் நின்றுவிடுகிறது என்பது, என் கருத்தில், இச்சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை.

ஆனால் உங்கள் விஷயத்தில் மருந்தை அடித்தது குத்தகைதாரரின் கை அல்ல. கூலி வாங்கிக்கொண்டு வந்த ட்ரோன்காரர் அடித்திருக்கிறார். சட்டத்தின் 13-ஆம் பிரிவு, வணிக முறையில் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணி செய்பவரும் உரிமம் பெற வேண்டும் என்கிறது. அந்தப் பணி எது என்பதற்கு விதிகளில் உள்ள விளக்கம், வயலில் வணிக நோக்கில் வான்வழியாக மருந்து தெளிப்பதையும் வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டு, சொந்தப் பயன்பாட்டை மட்டும் விலக்குகிறது. ஆகவே 38-ஆம் பிரிவின் நிழலில் குத்தகைதாரர் ஒதுங்கலாமே தவிர, வாடகை வாங்கும் ட்ரோன்காரர் ஒதுங்க முடியாது என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. பயன்படுத்திய கலன்களை வெளியே விட்டுவைக்கக் கூடாது, அவற்றை உடைத்துக் குடியிருப்புகளுக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்ற விதியும் இத்தகைய பணி செய்பவர்களைக் கட்டுப்படுத்தும். வரப்பில் கிடந்த பாட்டில் அதற்கும் ஒரு சாட்சி.

இது தவிர, 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி அந்த இயந்திரத்துக்குத் தனி அடையாள எண் இருக்க வேண்டும். விவசாயத்துக்கு வரும் அளவுள்ள ட்ரோனை இயக்குபவருக்கு அதற்குரிய பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். பூச்சிமருந்து தெளிப்புக்கென்று மத்திய வேளாண் அமைச்சகம் அதே ஆண்டு டிசம்பரில் நிலையான செயல்முறை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அதை மீறுவது தானாகவே குற்றமாகிவிடாது என்றாலும், கவனமுள்ள ஒருவர் எப்படி நடந்திருப்பார் என்று நீதிமன்றம் எடைபோடும்போது அதைத்தான் அளவுகோலாக முன்வைக்க வேண்டும்.

கடைக்காரரைப் பொறுத்தவரை உங்களை ஏமாற்றமடையச் செய்ய வேண்டியிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் வழக்குத் தொடுக்க முடியாது. ஏனெனில் அந்த மருந்தை நீங்கள் விலை கொடுத்து வாங்கவில்லை. விவசாயியும் நுகர்வோரே என்பதைத் தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டிலேயே உறுதிப்படுத்திவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பின் பலன் பொருளை வாங்கியவருக்குத்தான் கிடைக்கும், பக்கத்துக் காட்டில் இருந்து பாதிக்கப்பட்டவருக்கு அல்ல. உங்களுக்குத் திறந்திருப்பது வேறு வழி. பூச்சிமருந்து ஆய்வாளராக அறிவிக்கப்பட்டிருக்கும் வேளாண்மை அலுவலருக்கு, 20, 21-ஆம் பிரிவுகளின்கீழ் கடைக்குள் நுழைந்து சோதிக்கவும், பதிவேடுகளைப் பார்க்கவும், மாதிரி எடுக்கவும், விற்பனையை நிறுத்தி வைக்கவும் அதிகாரம் உண்டு. உங்கள் கையில் உள்ள பாட்டிலில் தொகுதி எண், தயாரிப்பு நாள், காலாவதி நாள், பதிவு எண் ஆகியவை இருக்கும். அவற்றை எழுதி, அதே தொகுதியின் இருப்பு கடையில் இருந்தால் மாதிரி எடுக்குமாறும், இந்த விற்பனைக்கு ரசீது போடப்பட்டதா என்று பார்க்குமாறும் மனுக் கொடுங்கள். திறந்த பாட்டிலில் எஞ்சியிருப்பது சட்டப்படியான மாதிரி ஆகாது. ஆய்வாளர் முறைப்படி எடுத்து, மூன்று பங்காகப் பிரித்து முத்திரையிட்டதே 22-ஆம் பிரிவின்கீழ் செல்லும். என்றாலும் அந்த லேபிள்தான் உங்கள் வழக்குக்கு முனை. பாட்டிலைக் கையுறையோடு எடுத்து, மூடி இறுக்கி, பாலிதீன் உறையில் போட்டு, குழந்தைகளும் மாடுகளும் அண்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

மனுவுக்குப் பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், ஆய்வு நடந்ததா, மாதிரி எடுக்கப்பட்டதா, கடையின் உரிமம் எந்தத் தேதிவரை என்று கேளுங்கள்; 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

இனி நஷ்ட ஈடு. இதற்குப் பூச்சிக்கொல்லிகள் சட்டம் தேவையே இல்லை. தன் நிலத்தில் தான் செய்யும் காரியம் அடுத்தவர் நிலத்துக்குள் புகுந்து கேடு செய்யாமல் பார்த்துக்கொள்ளும் கடமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்பது பொதுவான உரிமையியல் கோட்பாடு. கவனக்குறைவு, தொல்லை என்ற இரண்டு அடிப்படைகளிலும் நீங்கள் இழப்பீடு கோரலாம். காற்று உங்கள் பக்கம் வீசிக்கொண்டிருந்தது, தேனீப் பெட்டிகள் வரப்பிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தன, அந்தப் பாட்டிலில் இருந்த ஆர்கனோபாஸ்பரஸ் வகையும் (புரோபினோபாஸ்) பைரித்ராய்டு வகையும் (சைபர்மெத்ரின்) தேனீக்களுக்குக் கொடியவை என்பது ஊரறிந்த செய்தி. இந்த மூன்றும் சேர்ந்தால், "எனக்குத் தெரியாது" என்று சொல்ல இடமில்லை. குத்தகைதாரர், "நான் ட்ரோன்காரரிடம் விட்டுவிட்டேன்" என்பார். ட்ரோன்காரர், "அவர் சொன்ன மருந்தை, அவர் சொன்ன நேரத்தில் அடித்தேன்" என்பார். அதனால் இருவரையும் எதிர்வாதிகளாகச் சேர்ப்பதே முறை. நில உரிமையாளரைச் சேர்க்க, கடிதத்தில் உள்ளதை வைத்துப் பார்த்தால், காரணம் இல்லை.

எதை இழப்பாகக் கணக்கிடுவது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பெட்டிக்குள் வளர்க்கும் தேனீ உங்கள் சொத்து. அது செத்ததற்கு நேரடியாக இழப்பீடு கேட்கலாம். ஆனால் காட்டில் பறக்க விட்ட குளவி யாருடைய சொத்தும் அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்கா வழியாகப் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ஆம் ஆண்டு கேரளத்தில் கண்டறியப்பட்டு, விரைவிலேயே சேலம், நாமக்கல் பகுதிக் காடுகளைப் பிடித்தது. ஆப்பிரிக்காவில் 1980-களில் அதை அடக்கிய அனகைரஸ் லோபெசி என்ற குளவியை, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் உங்கள் ஏத்தாப்பூரில்தான் முதன்முதலாக வயலில் விட்டது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டுப் பெருகும் இந்தக் குளவி, எந்தக் காட்டில் மாவுப்பூச்சி இருக்கிறதோ அங்கெல்லாம் தானே பறந்து போகும், வேலி அறியாது. அதன் விலையைக் கேட்டு வழக்குத் தொடுத்தால் தோற்பீர்கள். குளவி அழிந்ததால் உங்கள் பயிருக்கு வந்த கேட்டைக் கேட்டால் நிற்கும்.

அந்தக் கேட்டை ரூபாயில் காட்டச் சேலத்து மரவள்ளி விவசாயிக்கு ஒரு வசதி உண்டு. சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் எடையோடு மாவுச்சத்தின் பாயிண்டையும் பார்த்தே விலை போடுகின்றன. கடந்த ஆண்டுகளில் நீங்கள் ஆலைக்கு அனுப்பிய லோடுகளின் எடைச்சீட்டும், பாயிண்ட் எழுதிய ரசீதும் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். இந்த ஆண்டின் சீட்டை அவற்றின் பக்கத்தில் வைத்துக் காட்டுவதைவிட எளிய கணக்கு நீதிமன்றத்துக்குக் கிடைக்காது. இழப்பைக் குறைக்க உங்களால் இயன்றதைச் செய்யும் கடமையும் உங்களுக்கு உண்டு. உடனே ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதி, மறுபடியும் குளவி விட முடியுமா என்று கேளுங்கள். கோபத்தில் நீங்களும் ரசாயன மருந்தை எடுத்து அடித்துவிடாதீர்கள். அடித்தால், இலையில் இருக்கும் எச்சம் யாருடைய மருந்து என்ற கேள்விக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிடுவார்.

செத்த தேனீக்களை எடுத்து வைத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. வைத்திருந்தால், உறைநிலைப் பெட்டியில் இருக்கும்வரை அவை பயன்படும். எச்ச ஆய்வுக்கு அனுப்பலாம். வைத்திராவிட்டாலும் வழக்கு முடிந்துபோகவில்லை. அன்று எடுத்த கைபேசிப் படங்களை அழிக்காமல் அதே கைபேசியில் வைத்திருங்கள். படம் எடுத்த நாளும் நேரமும் அதில் பதிந்திருக்கும். அன்று மாலை ட்ரோனைப் பார்த்த அக்கம்பக்கத்தார் இருவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். உதவி வேளாண்மை அலுவலரிடமும் ஆராய்ச்சி நிலையத்திடமும் பயிரைப் பார்வையிட்டு எழுத்தில் அறிக்கை தருமாறு கேளுங்கள்.

பலர் என்னிடம், ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை அரசின் கொள்கைதானே, அதை மீறியவரை ஏன் தண்டிக்க முடியாது என்று கேட்பதுண்டு. 1985-ஆம் ஆண்டிலிருந்து அது மத்திய அரசின் பயிர்ப் பாதுகாப்புக் கொள்கை என்பது உண்மை. ஆனால் அது விவசாயிக்குத் தரப்படும் ஆலோசனையே, ஆணை அல்ல. எந்த நீதிமன்றமும் உங்கள் பக்கத்துக் காட்டுக்காரரைக் குளவி விடச் சொல்லாது, வேப்பெண்ணெய் அடிக்கச் சொல்லாது. அவர் அடிக்கும் மருந்து வரப்பைத் தாண்டக் கூடாது என்று மட்டும் சொல்லும். உங்கள் கோரிக்கையை அந்த எல்லைக்குள் வைத்துக்கொண்டால் வெற்றி வாய்ப்பு கூடும்.

ஆகவே முதல் வேலை, ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு. நடந்ததையும் இழப்பையும் சொல்லி, இங்கே குளவி விடப்பட்டிருக்கிறது, தேனீப் பெட்டிகள் இருக்கின்றன, காற்று எங்கள் பக்கம் வீசும்போது மருந்து அடிக்கக் கூடாது என்று எழுதி, குத்தகைதாரருக்கும் ட்ரோன்காரருக்கும் ஒப்புகையோடு கூடிய தபாலில் அனுப்புங்கள். அதைப் பெற்ற பிறகு மறுபடியும் அடித்தால், அது அறியாமல் செய்ததாக இருக்க முடியாது. குற்றவியல் வழியும் அப்போதுதான் வலுப்பெறும்: நச்சுப் பொருளைக் கவனமின்றிக் கையாண்டு மனிதருக்குத் தீங்கு நேரும்படி நடப்பதைத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 286-ஆம் பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. அன்று காட்டில் இருந்த எவருக்காவது கண்ணெரிச்சலோ வாந்தியோ ஏற்பட்டிருந்தால் மருத்துவச் சீட்டோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அப்படி எதுவும் நேரவில்லை என்றால், தேனீக்காக அந்தப் பிரிவை இழுக்க வேண்டாம்; அது மனித உயிரைக் காக்க எழுதப்பட்டது.

அறிவிப்புக்கு மசியாவிட்டால், ஆத்தூரில் உள்ள உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீட்டுக்கும் நிரந்தர உறுத்துக்கட்டளைக்கும் (இனி அப்படிச் செய்யக் கூடாது என்ற தடையாணைக்கும்) சேர்த்து வழக்குத் தொடுத்து, இடைக்காலத் தடையும் கேட்கலாம். கூடவே, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆம் ஆணை, 9-ஆம் விதியின்கீழ் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து, வேளாண்மை அலுவலரின் துணையோடு காட்டைப் பார்வையிட்டு அறிக்கை தரக் கோர வேண்டும். இழப்பீடு கேட்க மூன்று ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது என்று எண்ணித் தள்ளிப்போட வேண்டாம். கிழங்கைப் பிடுங்கிய பிறகு ஆணையர் பார்ப்பதற்கு ஒன்றும் இராது.

பக்கத்துப் பக்கத்துக் காடு என்பதால், வழக்கு எண் விழுவதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்க முயல்வது நல்லது என்பது என் எண்ணம். வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால் எதிர்த்தரப்பை அழைப்பார்கள். செத்த தேனீக்களுக்கு ஒரு தொகை, மருந்து அடிப்பதற்கு முந்தைய நாள் தொலைபேசியில் தகவல், காற்றடிக்கும் மாலையில் அடிப்பதில்லை, உங்கள் வரப்பை ஒட்டிய சில சால்களுக்கு ட்ரோன் இல்லாமல் கைத்தெளிப்பான் மட்டும் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டால், அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஈடானது. மீறினால் நிறைவேற்ற மனுப் போடலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. நிலப் பட்டாவின் நகல், ஆதார் அட்டை, படங்கள், பாட்டில் லேபிளின் படம், சேகோ ஆலையின் பழைய சீட்டுகள் ஆகியவற்றோடு குழுவின் அலுவலகத்துக்குப் போய், உங்கள் பெயரிலேயே விண்ணப்பம் கொடுங்கள்.