புராஸ்டேட் வீக்கத்துக்கு ரோபோ அறுவை சிகிச்சை தேவைதானா?

உங்கள் அப்பாவுக்கு வயது 72 என்றும், புராஸ்டேட் சுரப்பி 110 கிராம் வரை பெருத்துவிட்டதால் ரோபோ அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார்கள் என்றும், அது தேவைதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வசிக்கும் நான் மூன்றாண்டுகளுக்கு முன் இதே சிகிச்சையைச் செய்துகொண்டவன். எனக்கு இருந்தது 120 கிராம்.

ரோபோ தானாக எதையும் அறுப்பதில்லை. மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து, பெரிதாகத் தெரியும் முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி விரல்களை அசைக்க, வயிற்றில் இட்ட சிறு துளைகள் வழியே நுழைந்திருக்கும் கருவிகள் அந்த அசைவை அப்படியே பின்பற்றுகின்றன. இந்நாட்டில் 2013இல் ப்ரிட்டோரியாவுக்கு டா வின்சி என்னும் ரோபோ கருவி வந்தது முதல், அது பெரும்பாலும் புராஸ்டேட் புற்றுநோய்க்கே பயன்பட்டு வருகிறது. ஆகவே, புற்றுநோய் அல்லாத வீக்கத்துக்கு இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

80 கிராமுக்குள் இருந்தால், சிறுநீர்ப்பாதை வழியாகவே சுரண்டி எடுக்கும் டி.யு.ஆர்.பி. பெரும்பாலும் போதும். உங்கள் அப்பாவின் அளவுக்கு ரோபோவைத் தவிர, சிறுநீர்ப்பாதை வழியாகவே நுழைந்து வீக்கத்தை லேசரால் அகற்றும் ஹோல்மியம் லேசரும் உண்டு. அதில் வயிற்றில் துளையே இல்லை, சிறுநீரை வெளியேற்றப் பொருத்தும் குழாயான கதீட்டரையும் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள். அதில் கைதேர்ந்தவர் கிடைத்தால் அதைத்தான் முதலில் விசாரிக்கச் சொல்வேன். என் சிறுநீர்ப்பையில் பெரிய கற்களும், பையின் சுவரில் ஒரு பிதுக்கமும் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே தடவையில் சரிசெய்யலாம் என்பதால்தான் ரோபோவுக்குச் சம்மதித்தேன்.

கற்கள் சேரும்வரை விட்டது என் கூச்சம். இரவில் ஐந்தாறு முறை எழுந்தும், வீட்டில் வாய் திறக்காமல் சில ஆண்டுகளை ஓட்டினேன். ஒரு தைப்பூசத்தின்போது, சளிக்காக நானாக வாங்கிப் போட்ட மாத்திரையால் சிறுநீர் அடியோடு அடைபட்டு, காவடி ஊர்வலத்திலிருந்து மகன் என்னை நேரே அவசரப் பிரிவுக்குத் தூக்கிச் சென்றான். புராஸ்டேட் வீங்கியவர்கள் சில சளி மாத்திரைகளைத் தொடவே கூடாது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

சிகிச்சைக்குப் பின் ஒரு வாரம் கதீட்டர் இருந்தது. முதல் நாள் அதன் பையில் இறங்கிய சிறுநீர் ரூய்போஸ் தேநீரின் சிவப்பு. நான்காம் நாள் அது வெளிறிய மஞ்சளாயிற்று. கதீட்டரை எடுத்த பின் சில வாரங்கள் அடக்க முடியாத அவசரம் இருந்து, மெல்ல அடங்கியது. இந்தச் சிகிச்சைக்குப் பின் விந்து பெரும்பாலும் வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் சென்றுவிடும். இதை அப்பாவிடம் முன்கூட்டியே மருத்துவர் நேரடியாகச் சொல்லட்டும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் அதையும் தெரிவியுங்கள். மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீடு எவ்வளவு தரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே தேதி குறியுங்கள்.

இன்னொன்று: வீங்கிய உட்பகுதியை மட்டுமே எடுக்கிறார்கள், சுரப்பியின் வெளிப்பகுதி உள்ளேயே இருக்கிறது. அதில் பின்னாளில் புற்றுநோய் வர வாய்ப்புண்டு என்பதால், புராஸ்டேட் புற்றுநோய் அறிகுறியைக் கவனிக்கும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையை நான் இன்றும் ஆண்டுதோறும் செய்துகொள்கிறேன்.