கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டு முற்றத்திலிருந்து சிறிய தொலைநோக்கியில் எந்த விண்மீன் கொத்தைப் பார்க்கலாம்?

பலரும் கார்த்திகையைச் சொல்வார்கள். அதற்குத் தொலைநோக்கியே வேண்டாம், வெறுங்கண் போதும். என் ஓட்டு தென்சிலுவை விண்மீன் குழுவில் இருக்கும் ஜூவல் பாக்ஸ் கொத்துக்குத்தான்.

இதில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ராஜாக்கமங்கலம் பக்கம் எங்கள் முற்றத்திலிருந்து அது தெற்கே சுமார் 21 டிகிரி உயரம் வரை ஏறும். கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு முஷ்டி அளவு. டெல்லியில் ஒரு டிகிரிதான் ஏறும், அதுவும் புகைக்குள் போய்விடும். பிரெஞ்சு வானியலாளர் லக்காய் 1750-களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வரை போய்த்தான் இதைப் பட்டியலில் சேர்த்தார். ஆனால் இரண்டு முஷ்டி உயரத்தில்தான் நம் ஊர்த் தென்னைகளும் தலை விரித்து நிற்கும். தெற்கே தென்னை விளை இருந்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுங்கள்.

ஏப்ரல் நடுவில் இரவு பதினொன்றரைக்கு மேல், மே நடுவில் பத்து மணிக்குள். ஜூனில் மழை வந்துவிடும். கோடை மழை பெய்து ஓய்ந்த, நிலா இல்லாத இரவு கிடைத்தால் விடாதீர்கள்; கடல் பக்கத்து மங்கல் எல்லாம் கழுவிப் போயிருக்கும்.

சிலுவை நிமிர்ந்து நிற்கும்போது அதன் இடது கை நட்சத்திரம் மிமோசா. அதற்குக் கீழே, கொஞ்சம் இடப்பக்கம், ஒரு டிகிரி தள்ளினால் மங்கலான ஒரு புள்ளி. என்னிடம் இருப்பது 130 மி.மீ. நியூட்டோனியன், அதாவது கண்ணாடி வைத்த தொலைநோக்கி, குவியத்தூரம் 650 மி.மீ. 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), அதாவது 26 மடங்கில், கண்டுபிடித்துவிட்டு 10 மி.மீ.க்கு மாற்றுவேன். அப்போது ஆங்கில 'ஏ' எழுத்து தலைகீழாகத் தெரியும். நீலவெள்ளை நட்சத்திரங்கள், நடுவே குறுக்குக் கோட்டில் ஆரஞ்சாக ஒன்று. அது ஒரு செம்பெருமீன், அதாவது ஊதிப் பெருத்த சிவப்பு நட்சத்திரம். நிறம் பிடிபடாவிட்டால் ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துப் பாருங்கள், நிறம் பரவித் தெரியும். இவ்வளவும் சுமார் 6,400 ஒளியாண்டு தொலைவில். வயது ஒரு கோடி வருடத்தை ஒட்டித்தான், நட்சத்திரக் கணக்கில் பச்சைக் குழந்தை.

தென்னை மறைக்கிறது, மொட்டைமாடியும் இல்லையா? சரி, ஆகஸ்ட் தொடக்கத்தில் மேகம் விலகும் இரவில் ஒன்பதரை வாக்கில் விருச்சிகத்தின் வாலுக்குப் பக்கத்தில் எம் 7 என்ற விண்மீன் கொத்தைப் பாருங்கள். 47 டிகிரி உயரம், எந்தத் தென்னையும் எட்டாது. அதற்கு 10 மி.மீ. வேண்டாம், 25 மி.மீ.யே போதும்.