மறியலால் வந்த சண்டியர் தூளை (ஹெரோயினை) விடப் பார்க்கிறார், என் கையைப் பிடித்து மன்னிப்பும் கேட்கிறார். முன்பு அவரிடம் அடி வாங்கிய நான் எப்படி உதவுவது?

உங்கள் கேள்வியில் இரண்டு காரியம் பின்னிக் கிடக்கிறது. கரைவலை வாடிகளில் கப்பம் வாங்கித் திரிந்தவர் தூளை விடுவது ஒன்று. உங்கள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பது மற்றது. முதலாவதை முதலில் பாருங்கள். மன்னிப்பு ஆறு மாதம் கிடந்தாலும் கெட்டுப்போகாது.

சிறையால் வெளியே வந்த முதல் இரண்டு கிழமைதான் உயிர் போகும் காலம். உள்ளே இருந்த நாட்களில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், கையோ பழைய அளவைத்தான் எடுக்கும். மூச்சு அடங்குவது அதனால்தான். சாராயமோ டிரமடோல், பிரீகபலின் குளிசைகளோ கூடச் சேர்ந்தால் இன்னும் சுறுக்காக அடங்கும். உதடு நீலம் பாய்ந்து, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, தொண்டை கொறகொறத்தால் அது குறட்டை இல்லை. "நித்திரை கொள்ளட்டும்" என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், என்ன எடுத்தார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இப்போதும் எடுப்பவர் நிறுத்தினால், கடைசியாக எடுத்து 8 முதல் 12 மணித்தியாலத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிவு தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம்: வாந்தி, வயிற்றோட்டம், கால் இழுப்பு, நித்திரையே இல்லை. ஒரு கிழமையில் தணியும். அந்த நாட்களில் ஆபத்து உடம்பில் நீர் வற்றுவதுதான். ஒரு பக்கெற் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல் மா) ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, மிடறு மிடறாகக் கொடுங்கள். 24 மணித்தியாலம் கழிந்தால் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். அதுவும் வயிற்றில் தங்காவிட்டால் ஆஸ்பத்திரி. "வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனால் கடலில் தூள் எங்கே கிடைக்கும்?" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள், நடுக்கடலில் சேலைன் ஏற்ற யார் இருக்கிறார்கள்? தினமும் சாராயம் குடிப்பவராக இருந்தால் வீட்டில் திடீரென்று நிறுத்தவே கூடாது. வலிப்பு வரும், உயிரும் போகும். நேராகத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். ஆலோசனைக்கு, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927.

உடம்பு தேறிய பிறகுதான் உண்மையான வேலை. கரைவலைப் பங்கு காசாகக் கையில் விழும் பின்னேரம்தான் பெரிய கண்ணி. வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியோடு கதைத்து, அவர் சம்மதத்தோடு பங்கை வீட்டாரிடமே கொடுக்கச் செய்யுங்கள். பழைய சிம்மை மாற்றட்டும். நீங்கள் காவல்காரனாக வேண்டாம்: அந்தப் பின்னேரம் ஒரு தேத்தண்ணி, வலை பொத்தும் வேலையில் பக்கத்தில் ஒரு ஆள், அவ்வளவு போதும். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்துத் தொழில் படுக்கும் மாதங்களுக்கு இப்போதே வேறு வேலை பார்த்து வையுங்கள். சும்மா இருக்கும் கை பழைய இடத்தைத் தேடும். மறுபடி ஒருநாள் எடுத்துவிட்டால் துரத்தாதீர்கள், அவருடைய தூள் கடனையும் நீங்கள் அடைக்காதீர்கள். அடுத்த நாளே கிளினிக்குக் கூட்டிப் போங்கள். கை ஓங்கினால் மட்டும் எழும்பி வந்துவிடுங்கள், அதில் சமாதானம் பேச ஒன்றுமில்லை.

இனி மன்னிப்பு. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய குடிவிடுவோர் கூட்டங்களின் பன்னிரண்டு படிகளில், தீங்கு செய்யப்பட்டவர்களின் பட்டியல் எழுதுவது எட்டாவது, ஈடு செய்வது ஒன்பதாவது. அந்த ஒன்பதிலும், போவதால் அவர்களுக்குக் கேடு வருமென்றால் போகாதே என்ற நிபந்தனை உண்டு. கப்பம் கொடுத்த கடைக்காரருக்கு இவர் வாசலில் நிற்பதே மிரட்டல்தான். காசைத் திருப்பிக் கொடுப்பதானாலும் இருவருக்கும் பொதுவான ஒருவர் முதலில் போய்க் கேட்கட்டும், "வேண்டாம்" என்றால் அதோடு விடுங்கள். வழக்கு இன்னும் நடந்தால் சாட்சிகள் பக்கமே போகக் கூடாது. கும்பிட்டு அழுதாலும் சாட்சியை அச்சுறுத்தியதாகிப் பிணை ரத்தாகலாம். சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுத்தான் அந்தப் பட்டியலில் யாரையும் தொட வேண்டும், நீங்களே சாட்சியென்றால் உங்களையும் சேர்த்து.