செயினில் கறுப்பு ஒட்டாமல் கையோடு வருகிறதா?

மாடல் டாங்கின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் உலோகச் செயினை, உலோகத்தைக் கறுப்பாக்கும் திரவத்தில் முக்கினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கிறது, தொட்டால் விரலில் கரி ஒட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. இரும்பைக் கறுப்பாக்குவதற்கான திரவம் அதில் மிக வேகமாக வேலை செய்யும். அந்த அவசரத்தில் படிவதுதான் உங்கள் கையில் வரும் கரி.

திட்டுக்குக் காரணம் எண்ணெய்ப் பிசுக்கு. பாத்திர சோப்பும் பழைய பல் துலக்கியும் கொண்டு கண்ணிகளின் இடுக்கு வரை தேயுங்கள். அப்புறம் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் அலசுங்கள், அதன்பின் வெறுங்கையால் தொடவே கூடாது.

திரவத்தில் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து, பிளாஸ்டிக் டப்பாவில் கொஞ்ச நேரம் மட்டும் முக்குங்கள். எடுத்து, தண்ணீரில் அலசி, தளர்ந்த கரியைத் துலக்கியால் தேய்த்துவிட்டு மறுபடி முக்குங்கள். நீளமாக ஊறவைப்பதைவிட இப்படி விட்டுவிட்டு முக்குவதுதான் நிற்கும். கையுறை, காற்றோட்டம் இரண்டும் கட்டாயம்.

முழுச் செயினிலும் இறங்கும் முன் உதிரிக் கண்ணி ஒன்றில் சோதியுங்கள். தரையில் உரசும் மேடுகள் ஓட ஓட வெளுக்கும். நிஜ டாங்கிலும் அப்படித்தான், அதை மறைக்க வேண்டாம்.