900 கொடுத்தும் 730 எம்பி வருவது ஏன்?

கேள்வி: 40 நிமிட வகுப்புப் பதிவு ஒன்றை ஏற்ற வேண்டும். போர்ட்டலில் 300 எம்பி-தான் வரம்பு. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மாற்றும் கருவியில் வீடியோ பிட்ரேட் 900 கேபிபிஎஸ் கொடுத்தேன், ஆடியோவுக்கு 'காப்பி' போட்டேன். வந்த ஃபைல் 730 எம்பி. அதையே திரும்ப 400-இல் ஓட்டினேன். படம் பாழானதுதான் மிச்சம், இன்னும் 580 எம்பி இருக்கிறது. பணம் கட்டி கம்ப்ரஸர் சாஃப்ட்வேர் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

900 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 900 கிலோபிட். 40 நிமிடம் 2400 நொடி. இரண்டையும் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 270 எம்பி. ஆக, வீடியோ நீங்கள் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. மீதி 460 எம்பி எங்கிருந்து வந்தது? ஆடியோவிலிருந்து. 'காப்பி' என்றால் ஒலியைச் சுருக்காமல் அப்படியே எடுத்து வைப்பது. பல கேமராக்கள் ஒலியைச் சுருக்காமல் பிசிஎம் ஆகவே பதிவு செய்யும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் நொடிக்கு 1536 கிலோபிட். 2400 நொடிக்குச் சுமார் 461 எம்பி. நீங்கள் தந்த இரண்டு அளவுகளும் இந்தக் கணக்கோடு ஒட்டி வருகின்றன. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த கதை. சந்தேகம் இருந்தால் மீடியாஇன்ஃபோ என்ற நிரலில் ஃபைலைத் திறந்து, ஆடியோ பகுதியில் பிட்ரேட் எவ்வளவு என்று பாருங்கள்.

கெட்டுப்போன 580 எம்பி ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு, கேமராவிலிருந்து வந்த ஒரிஜினலை எடுங்கள். 300 எம்பி-யை 8-ஆல் பெருக்கி 2400-ஆல் வகுத்தால் நொடிக்கு 1000 கிலோபிட். வீடியோ, ஆடியோ, அவை இரண்டையும் சேர்த்துக் கட்டும் ஃபைலின் உறை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். பேச்சுக்கு, ஏஏசி முறையில் சுருக்கிய ஒலி 96 கேபிபிஎஸ் இருந்தால் தாராளம். வீடியோவுக்கு 870 வையுங்கள். மொத்தம் ஏறக்குறைய 290 எம்பி வரும். மிச்சமுள்ள 10 எம்பி-யைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், அது உறைக்கும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்துக்கும்.

இதை டூ-பாஸில் ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் எந்த இடத்தில் படம் சிக்கலானது என்று என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் நிரல்) குறித்துக்கொள்ளும், இரண்டாவதில் அதற்கேற்ப பிட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும். 'சிஆர்எஃப் 23 போடுங்கள், சரியாக வரும்' என்று யாராவது சொல்வார்கள். சிஆர்எஃப் என்ற அமைப்பு தரத்தைப் பிடிக்கும், அளவைப் பிடிக்காது. கரும்பலகை முன் நின்று பேசும் வீடியோவுக்கு ஓர் அளவு வரும், மரம் அசையும் வீடியோவுக்கு வேறு அளவு வரும். வரம்பு என்று ஒன்று இருந்தால் சிஆர்எஃப்-ஐத் தொடாதீர்கள்.

டூ-பாஸும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் என்கோடரைத் திட்டுகிறார்கள். ஒவ்வொரு ஃபிரேமையும் எவ்வளவு முரட்டுத்தனமாகச் சுருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. பரவலாகப் பயன்படும் ஹெச்.264 சுருக்க முறையில், சாதாரண 8 பிட் வீடியோவுக்கு அந்த எல்லை 51 என்ற எண். இருட்டறையில் எடுத்த, புள்ளிபுள்ளியாக இரைச்சல் நிறைந்த 60 ஃபிரேம் 1080பி வீடியோவுக்கு மிகக் குறைந்த பிட்ரேட் கொடுத்தால் என்கோடர் 51-இல் போய் முட்டி நிற்கும். அதற்கு மேல் சுருக்க வழியே இல்லை. நீங்கள் 200 என்றாலும் 100 என்றாலும் ஏறக்குறைய அதே அளவுதான் வரும். கீஃபிரேமை (முழுப் படமாகவே எழுதப்படும் ஃபிரேம்) நொடிக்குப் பத்து என்று யாரோ சொன்னதைக் கேட்டு வைத்திருந்தால் இன்னும் மோசம். அப்போது பிட்ரேட்டைக் கிள்ளிக்கொண்டிருக்காமல் 720பி-க்கும் 30 ஃபிரேமுக்கும் இறங்குங்கள், இரைச்சல் வடிகட்டி போடுங்கள். உங்கள் 870-க்கு இந்தக் கதி வராது.

இனி அந்தக் கம்ப்ரஸர் விஷயம். 'தரம் குறையாமல் பத்தில் ஒரு பங்கு' என்று விற்கிறவற்றில் பல, நீங்கள் இலவசமாக வைத்திருக்கும் அதே எஃப்எஃப்எம்பெக்கின் மேல் ஒரு பட்டனை ஒட்டியவை. அதைவிட ஆபத்து, எஃப்எஃப்எம்பெக்கின் 'எஃப்எஸ்' ஆப்ஷனை அளவுக் கட்டுப்பாடு என்று சொல்லித் தருகிறவர்கள். அது சுருக்காது. வரம்பைத் தொட்டதும் எழுதுவதை நிறுத்திவிடும், அவ்வளவுதான். ஃபைல் 300 எம்பி-யில் அழகாக நிற்கும், வகுப்பின் கடைசிப் பகுதி காணாமல் போயிருக்கும். காசு வாங்கிக்கொண்டு இப்படி வெட்டித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். யாரிடம் கொடுத்து வாங்கினாலும் முதலில் கடைசி நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். மாணவர்களின் முகம் தெரியும் பதிவை, பெயர் தெரியாத ஆன்லைன் தளத்தில் 'சும்மா சுருக்கிப் பார்க்க' ஏற்றுவதையும் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, 300 எம்பி என்றால் எத்தனை பைட்? 30 கோடியா, 31,45,72,800-ஆ? இதைப் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைக்கப் பெரும்பாலான போர்ட்டல்களுக்கு மனம் வருவதில்லை. முழு ஃபைலையும் வாங்கிக்கொண்டு, ஏறி முடிந்த பிறகு 'அளவு அதிகம்' என்று துப்பும் போர்ட்டல்களும் உண்டு. ஏற்றுவதற்கு முன்பே ஃபைலின் எடையைப் பார்த்துச் சொல்வது பிரௌசருக்கு ஒரு சிரமமே இல்லை, ஆனாலும் செய்ய மாட்டார்கள். விண்டோஸ் 1024 கணக்கில் காட்டும், 30 கோடி பைட்டை 286 எம்பி என்றே எழுதும். எனவே விண்டோஸில் 286-க்குக் கீழே தெரிந்தால் எந்தக் கணக்கிலும் நீங்கள் வரம்புக்குள்தான். மேலே சொன்ன 290 எம்பி ஃபைல் அங்கே 277-ஐ ஒட்டித் தெரியும்.