64 வயதில் ரோடு பைக் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 64 வயது, எடை 72 கிலோ. ஞாயிறுதோறும் திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை ஹைபிரிட் சைக்கிளில் போய்வருகிறேன். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் 50 மி.கி. சாப்பிடுகிறேன். கார்பன் பிரேம் போட்ட ரோடு பைக் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) வாங்க ஆசை. நண்பரின் பைக்கை ஓட்டிப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிட்டன, கழுத்தும் வலித்தது. எனக்கு இது ஒத்துவருமா?

பதில்: ஒத்துவரும் ஐயா, தாராளமாக வாங்குங்கள். ஆனால் நண்பரின் பைக்கைப் போல ஒன்றை வாங்காதீர்கள்.

எந்த விரல்கள் மரத்தன என்று நீங்கள் எழுதியது மிகவும் உதவியது. முழங்கையை இடித்துக்கொண்டால் சுரீர் என்று மின்சாரம் பாயுமே, அதே அல்னர் நரம்புதான் உள்ளங்கையின் ஓரமாக அந்த இரண்டு விரல்களுக்கும் போகிறது. உடல் முன்னே சரிந்து எடை கையில் இறங்கினால் அது நசுங்கும். இறங்கிய சில நிமிடங்களில் சரியாகிவிட்டால் கவலையில்லை. மறுநாளும் நீடித்தாலோ, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலோ, ஓட்டுவதை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

பந்தய பைக்குகளில் ஹேண்டில்பார் சீட்டைவிடத் தாழ்ந்திருக்கும். சாலையைப் பார்க்கக் கழுத்தை அண்ணாந்தே வைத்திருக்க வேண்டும். கழுத்து வலி அதனால்தான். கடையில் 'எண்டூரன்ஸ்' பிரேம் கேளுங்கள். அதில் ஹேண்டில்பார் உயரமாகவும் கிட்டவும் இருக்கும். முதலில் அதைச் சீட்டின் மட்டத்துக்கே வைக்கச் சொல்லுங்கள். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டுதான் ஸ்டெம்; அதற்குக் கீழே அடுக்கியிருக்கும் ஸ்பேசர் வளையங்களை எடுத்துவிட்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல்குழாயை அறுக்க மட்டும் விடாதீர்கள். அறுத்துவிட்டால் பிறகு உயர்த்துவது கடினம். அப்படியும் எட்டிப் பிடிப்பதாகத் தோன்றினால் 10 முதல் 20 மி.மீ. குட்டையான ஸ்டெம் மாற்றலாம்.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. தொடையிடுக்கு மரக்கிறது என்று சீட்டின் மூக்கை நன்றாகக் கீழே சாய்த்துவிடுவார்கள். உடல் முன்னே வழுக்கி, மொத்த பாரமும் கைக்கு வந்துவிடும். சீட் மட்டமாகவே இருக்கட்டும். மரப்புக்கு நடுவில் பள்ளம் உள்ள சீட் போடுங்கள்.

சீட் உயரத்துக்குச் சுலபமான கணக்கு: குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். ஒரு தடவைக்கு 3 முதல் 5 மி.மீ. மட்டும் மாற்றுங்கள்.

பிரேமில் அரைக் கிலோ குறைக்கக் கொட்டும் பணத்தை, 32 மி.மீ. டயர் நுழையும் பிரேமுக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்கும் கொடுங்கள். உங்கள் எடைக்கு அந்த டயரில் 60 பிஎஸ்ஐ காற்றழுத்தம் சுமாராகப் போதும். கல் போல் காற்றடித்தால் அதிர்வெல்லாம் கைக்குத்தான் வரும். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் உள்ள கியர் இருந்தால் எதிர்க்காற்றிலும் முழங்காலை வருத்தாமல் வேகமாகச் சுழற்றலாம்.

அட்டெனலால் இதயத் துடிப்பை ஏறவிடாது. ஆகவே அதிகபட்சத் துடிப்பை அறிய 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஓட்டும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். அதுதான் உங்கள் அளவு. துடிப்பு ஏறவில்லையே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது, திடீரென நிறுத்துவது ஆபத்து. வேகமான குழுவோடு சேரும் முன் இதய மருத்துவரிடம் டிரெட்மில் சோதனை செய்துகொள்ளுங்கள். நெஞ்சை அழுத்தினாலோ, வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலோ அங்கேயே இறங்கி 108-ஐ அழையுங்கள்.

ஷூவைப் பூட்டும் கிளிப் பெடல் இப்போதைக்கு வேண்டாம். சிக்னலில் நிற்கும்போது காலை விடுவிக்க முடியாமல் பக்கவாட்டில் விழுந்தால் அடி நேராக இடுப்பெலும்பில் படும். சைக்கிள் ஓட்டுவது எலும்பை உறுதியாக்காது; அதற்கு வாரம் இரண்டு நாள் படியேற்றமும் எடைப் பயிற்சியும் தனியாகச் செய்ய வேண்டும்.